எந்த எழுத்துமுறை யாருக்கு? அலுவலக எழுத்தை ஒழுங்குபடுத்த ஒரு கையேடு

பயிற்சி வகுப்பு முடிந்த மறுவாரம் அலுவலகத்தில் எல்லா மெயிலும் ஒரே ஜாடைக்கு மாறிவிடும். எதற்கெடுத்தாலும் புள்ளி போட்ட பட்டியல், தடித்த எழுத்தில் தலைப்புகள், மேலே ஒரு சுருக்கம், கீழே ஒரு கட்டம். ஒரு மாதம் போனதும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அடுத்த ஆண்டு இன்னொரு பயிற்சியாளர் வேறொரு முறையோடு வருவார்.

வகுப்புக்குக் கொடுத்த காசு வீண் என்று சொல்லிவிட முடியாது. அங்கே கற்றுத்தரும் முறைகளில் பல நல்லவைதான். பழுதுபார்க்கும் கையேட்டுக்கும் பட்ஜெட் கோரிக்கைக்கும் கூட்டக் குறிப்புக்கும் ஒரே முறையைத் தூக்கிப் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வாசிப்பவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, உலக அலுவலகங்களில் புழங்கும் முக்கியமான சில முறைகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் வாசகரை வகைப்படுத்துங்கள்

அலுவலகத்தில் யாரும் பொழுதுபோக்குக்காக ரிப்போர்ட் படிப்பதில்லை. படிப்பவர்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்குவார்கள்.

முடிவெடுப்பவர்: ஒப்புதல் தரவோ மறுக்கவோ படிக்கிறார். நேரம் குறைவு.

செய்பவர்: ஒரு கையில் தாள், மறு கையில் வேலை. படி பிசகினால் இயந்திரமோ கணக்கோ கெடும்.

தேடுபவர்: முழுவதும் படிக்க மாட்டார். விடுப்பு விதியில் ஒரு வரி, ஒப்பந்தத்தில் ஒரு தேதி, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

விவாதிப்பவர்: உங்கள் வாதத்தை முழுதாகப் பின்தொடர்ந்து, ஓட்டை இருந்தால் பிடிக்கப் படிக்கிறார்.

ஒரே ஆள் காலையில் முடிவெடுப்பவராகவும் மாலையில் தேடுபவராகவும் இருக்கலாம். ஒரே ஆவணத்தை இரண்டு வகையினர் படிப்பதும் உண்டு. அப்போது யாருக்காக முதல் பக்கம், யாருக்காகப் பின்னிணைப்பு என்று பிரித்துக்கொண்டால் போதும். நால்வரையும் ஒரே பத்தியில் திருப்திப்படுத்தப் பார்த்தால் ஒருவருக்கும் உதவாது.

முடிவெடுப்பவருக்கு: விஷயம் முதல் வரியில்

அமெரிக்க ராணுவத்தில் இந்த முறைக்கு ‘பிளஃப்’ என்று சுருக்கப் பெயர். சாரத்தை முன்னால் வை, காரணங்களைப் பின்னால் வை என்பதே அது. ராணுவக் கடிதப் போக்குவரத்துக்கான 25-50 என்ற விதித்தொகுப்பு, கடிதத்தின் முக்கியச் செய்தி தொடக்கத்திலேயே வர வேண்டும், ஒருமுறை வேகமாகப் படித்தாலே புரிய வேண்டும் என்று கேட்கிறது. இந்த ஏக்கம் பழையது. 1940 ஆகஸ்ட் 9 அன்று, போர் நடுவே, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தன் அதிகாரிகளுக்குச் சுருக்கத்தைப் பற்றியே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். முக்கியக் குறிப்புகளைச் சின்னச் சின்னப் பத்திகளாகத் தரச் சொன்னார். விரிவான ஆய்வும் புள்ளிவிவரமும் இருந்தால் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்றார்.

நம் ஊர் மெயிலில் இது எப்படி வேலை செய்யும்? திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் தன் பொது மேலாளருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான மெயில் இப்படி இருக்கும்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் கேட்டுக்கொண்டபடி நீல டி-சர்ட் ஆர்டர் தொடர்பாகச் சாயப்பட்டறையில் விசாரித்தோம். ஒரு லாட்டில் ஷேடு மாறியிருந்ததால் மீண்டும் சாயம் ஏற்ற அனுப்பப்பட்டுள்ளது. திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்கள், ஆனால் தாமதமாகிறது. தையல் பிரிவில் ஆட்கள் தயாராக உள்ளனர். 12ஆம் தேதிக் கப்பலைப் பிடிப்பது சிரமம் என்று தோன்றுகிறது. விமானத்தில் அனுப்பினால் செலவு கூடும். பையரிடம் இன்னும் தெரிவிக்கவில்லை. தாங்கள் தக்க ஆலோசனை வழங்க வேண்டுகிறேன்.”

மரியாதைக்குக் குறைவில்லை, தகவலுக்கும் குறைவில்லை. ஆனால் மேலாளர் பதில் எழுத வேண்டுமென்றால் முதலில் நான்கு கேள்வி கேட்க வேண்டும். மாற்றி எழுதியது:

“பொருள்: நீல டி-சர்ட் – 12ஆம் தேதிக் கப்பலுக்கு 3,000 பீஸ் குறையும் – இன்று மாலை 4 மணிக்குள் உங்கள் ஒப்புதல் தேவை

ஐயா, வணக்கம். 8,000 பீஸில் 5,000 மட்டுமே 12ஆம் தேதிக் கப்பலுக்குத் தயாராகும். மீதி 3,000 பீஸை 19ஆம் தேதிக் கப்பலில் அனுப்பப் பையரிடம் அனுமதி கேட்கலாம் என்பது என் பரிந்துரை. நீங்கள் சரி என்றால் இன்றே அவருக்கு மெயில் போய்விடும்.

காரணம்: ஒரு லாட்டில் ஷேடு மாறி, மறுபடி சாயத்துக்குப் போயிருக்கிறது. துணி 10ஆம் தேதிதான் வரும்.

மாற்று வழி: 3,000 பீஸை மட்டும் விமானத்தில் அனுப்பலாம். செலவுக் கணக்கு இணைப்பில். பையர் மறுத்தால் மட்டும் இதற்குப் போகலாம்.”

இரண்டாவது மெயிலில் இருக்கும் எண்களைக் கவனியுங்கள். 5,000, 3,000, 19ஆம் தேதி, இவை எதுவும் முதல் மெயிலில் கிடையாது. முதல் வரியில் முடிவைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும், எழுதுபவர் எழுந்து போய்த் தையல் பிரிவில் கணக்கு கேட்டு வர வேண்டியதாயிற்று. நல்ல எழுத்துமுறையின் பெரிய லாபம் இதுதான்: வாசகர் கேட்கப்போகும் கேள்வியை எழுதுபவரிடம் அது முன்கூட்டியே கேட்டுவிடுகிறது.

இது எங்கே சறுக்கும்? கெட்ட செய்தியை நெஞ்சில் குத்துவது போல் முதல் வரியில் வைக்கக் கூடாத இடங்கள் உண்டு. ஒருவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று சொல்லும் கடிதம், விபத்துச் செய்தி போன்றவை அப்படி. முடிவே இன்னும் எட்டப்படாத ஆய்விலும் இது பொருந்தாது. இல்லாத முடிவை இருப்பதுபோல் முதல் வரியில் எழுதவைத்துவிடும்.

பிரமிட்: காரணங்களை அடுக்குவது எப்படி?

விஷயத்தை முதல் வரியில் சொல்லியாயிற்று. அதற்குக் கீழே வரும் பத்துப் பக்கத்தை எப்படி அடுக்குவது? இதற்கு விடை தந்தவர் பார்பரா மின்டோ. ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து 1963-இல் மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஆலோசகராகச் சேர்ந்த முதல் பெண் எம்.பி.ஏ. பட்டதாரி அவர். பிறகு லண்டனுக்கு அனுப்பப்பட்டு, ஐரோப்பிய அலுவலகங்களில் இருந்தவர்களின் அறிக்கைகளைத் திருத்தும் வேலையில் இறங்கினார். அவர்களிடம் மொழிப் பிழையைவிடச் சிந்தனை அடுக்கில்தான் கோளாறு என்று கண்டுகொண்டதிலிருந்து பிறந்தது அவருடைய பிரமிட் கொள்கை.

உச்சியில் ஒரே ஒரு கருத்து. அதைக் கேட்டதும் வாசகர் மனதில் ‘ஏன்?’ அல்லது ‘எப்படி?’ என்று ஒரு கேள்வி எழும். அடுத்த படியில் அதற்கான விடைகள் இருக்கும். ஒவ்வொரு விடையும் இன்னொரு கேள்வியை எழுப்பும்; அதற்கான விடை அதற்கும் கீழே. ஒரே படியில் இருக்கும் விடைகள் ஒன்றோடொன்று மோதக் கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது. ஆலோசனை நிறுவனங்களில் ‘மீசி’ என்று அடிக்கடி காதில் விழும் சொல் இந்த விதியைத்தான் குறிக்கிறது.

முன்னுரைக்கும் மின்டோ ஒரு வழி சொன்னார். முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நிலைமை, பிறகு அதில் விழுந்த சிக்கல், அதிலிருந்து எழும் கேள்வி, கடைசியாக உங்கள் விடை. “மூன்று கிளைகளிலும் விற்பனை சீராக இருக்கிறது. ஆனால் இந்தக் காலாண்டில் மதுரைக் கிளையில் மட்டும் சரக்கு திரும்பி வருவது கூடியிருக்கிறது. என்ன செய்வது? பேக்கிங் ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும்.” நான்கே வாக்கியத்தில் வாசகர் உள்ளே வந்துவிடுகிறார்.

பரிந்துரை அறிக்கைக்கும் திட்ட முன்மொழிவுக்கும் இதற்கு இணை குறைவு. ஆனால் ஒரு ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் மூன்று மூன்றாக அடுக்கும் பழக்கம் வந்துவிடும். இரண்டு காரணம்தான் உண்மையில் இருக்கும். அடுக்கு அழகாக இருக்க மூன்றாவதை வரவழைப்பார்கள். அனுபவமுள்ள மேலாளர் அந்த மூன்றாவதைத்தான் முதலில் பிடிப்பார். அது விழுந்தால் மீதி இரண்டும் சேர்ந்து விழும்.

பெரியவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லலாமா?

நம் அலுவலகங்களில் இந்த முறைகள் தங்காமல் போவதற்கு உண்மையான காரணம் இதுதான். இளையவர் ஒருவர் மேலதிகாரிக்கு எழுதும்போது முதல் வரியிலேயே “இப்படிச் செய்யலாம்” என்று சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம். அதனால் எல்லாத் தகவலையும் கொட்டிவிட்டு, “தாங்கள் பார்த்துச் செய்யவும்” என்று முடித்துவிடுகிறோம். பணிவு போலத் தெரிந்தாலும், யோசிக்கும் வேலை முழுவதையும் பெரியவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். மருத்துவமனைகளில் செவிலியர் மருத்துவரிடம் பேசும்போதும் இதே சங்கடம். அதற்குக் கைகொடுத்தது ‘எஸ்-பார்’ என்ற நான்கு கட்ட முறை: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்க அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் பரிமாற்றத்துக்கு இருந்த பழக்கத்திலிருந்து இது வந்தது. 2000-களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனன்டே என்ற அமெரிக்க மருத்துவ அமைப்பு எடுத்துக்கொள்ள, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நள்ளிரவில் மருத்துவருக்குப் போன் செய்யும் செவிலியர், “இந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, அறுவைச் சிகிச்சை முடிந்து இது இரண்டாம் நாள், உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்” என்கிறார். கடைசி இரண்டு பகுதிகளைப் பாருங்கள். தன் கருத்தைச் சொல்வது அங்கே துடுக்காகப் படுவதில்லை. படிவமே அதைக் கேட்கிறது, அவர் நிரப்புகிறார்.

உங்கள் அலுவலகத்திலும் இதே உபாயம் பலிக்கும். தனியாக ஒருவர் திடீரென்று பாணியை மாற்றினால்தான் கண்ணை உறுத்தும். குழுத் தலைவரே “இனிமேல் எனக்கு வரும் கோரிக்கையில் கடைசியில் ‘என் பரிந்துரை’ என்று ஒரு வரி இருக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டால், புதிதாகச் சேர்ந்தவரும் தைரியமாக எழுதுவார். நீங்கள் அந்தத் தலைவராக இருந்தால் இதை இன்றே செய்யலாம். இளையவராக இருந்தால், “ஐயா, வணக்கம்” என்ற வரி அப்படியே இருக்கட்டும். பரிந்துரையை “சரியென்று தோன்றினால்” என்று தொடங்குங்கள். மரியாதைக்கு ஒரு சொல் போதும், ஒரு பத்தி வேண்டாம்.

செய்பவருக்கும் தேடுபவருக்கும்: கட்டம் கட்டி எழுதுதல்

கையேடு, பணிவிதி, பயிற்சிக் குறிப்பு போன்றவற்றுக்கு வேறு பாதை. 1960-களில் ராபர்ட் ஹார்ன் என்ற அமெரிக்கர் ‘இன்ஃபர்மேஷன் மேப்பிங்’ என்ற முறையை வகுத்தார். பெரிய ஆவணத்தைப் பத்திகளாகப் பார்க்காமல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பார்க்கச் சொன்னார். ஒரு துண்டில் ஒரே விஷயம். ஒவ்வொரு துண்டுக்கும் இடது ஓரத்தில் தனித் தலைப்பு. துண்டில் இருப்பது செய்முறையா, ஒன்று எப்படி நடக்கிறது என்ற விளக்கமா, வரையறையா, அமைப்பா, வகைப்பாடா, வெறும் தகவலா என்று வகை பிரித்து, வகைக்கு ஏற்ற வடிவம் தர வேண்டும். செய்முறை என்றால் எண்ணிட்ட படிகள், வகைப்பாடு என்றால் அட்டவணை.

விடுப்பு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சுற்றறிக்கையில் ஒரே பத்தியில் தகுதி, நாட்கள், விண்ணப்பிக்கும் வழி, விதிவிலக்கு எல்லாம் கலந்து கிடக்கும். ஹார்ன் வழியில் பிரித்தால் ‘யாருக்கு’, ‘எத்தனை நாள்’, ‘எப்படி விண்ணப்பிப்பது’, ‘எப்போது கிடையாது’ என்று நான்கு துண்டாகும். தேடி வருபவர் நேரே தனக்கு வேண்டிய துண்டில் போய் நிற்பார். விதி மாறினால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும். ஆவணம் பெரிதாக இருந்து, அடிக்கடி மாறுவதாக இருந்தால் இது பெரிய சௌகரியம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பகுதியில் ஏழு துண்டுக்கு மேல், இரண்டு கூட்டியோ குறைத்தோ, போகக் கூடாது என்று இந்த முறையில் சொல்வார்கள். ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து வந்த எண் அது. ஆனால் மில்லர் பேசியது காதில் விழுந்ததை உடனே திருப்பிச் சொல்வது போன்ற குறுகிய கால நினைவாற்றலைப் பற்றி. தாளில் இருக்கும் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கண் முன்னாலேயே இருக்கிறது. பதினொரு படி உள்ள செய்முறையை எண்ணுக்காக ஒன்பதாக அமுக்கினால், தொழிலாளி இரண்டு படியைத் தவறவிடுவார். எந்த முறையானாலும் அதில் சொல்லப்படும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

நம் அரசு அலுவலகக் கடிதமும் ஒரு கட்டமைப்பு முறைதான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, எண், நாள் என்று எல்லாமே அதனதன் இடத்தில். பொருள் வரியில் துறை, இனம், விவரம் என்று கோடு போட்டுக் கோடு போட்டு இறங்கி, ‘தொடர்பாக’ என்று முடியும். கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய கோப்பைத் தேடி எடுக்கும் எழுத்தருக்கு அந்தப் பொருளும் பார்வையும்தான் திறவுகோல். தேடுபவருக்காகச் செய்த அமைப்பு அது, அவருக்கு நன்றாகவே உழைக்கிறது. அதே கடிதத்தைக் கையில் வாங்கும் பொதுமக்களுக்கு, தங்களுக்குப் பட்டா கிடைத்ததா இல்லையா என்பது இரண்டாம் பக்கத்தில்தான் தெரியும். பொருள் வரிக்குக் கீழே ‘முடிவு’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் இரண்டு வாசகரும் பிழைப்பார்கள்.

ஸ்லைடா, ஆறு பக்கமா?

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியை மூடியிருந்த நுரைக் காப்பில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே போயிங் பொறியாளர்கள் பாதிப்பை ஆராய்ந்து நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, கைவசமுள்ள சோதனைகளை வைத்துப் பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கமே சாய்கிறது என்று ஆறுதல் சொன்னது. கீழே புள்ளிக்குள் புள்ளியாகப் பல படிகள். கடைசிப் புள்ளியில் இருந்தது உண்மையான செய்தி: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இங்கே கணக்கில் எடுத்துக்கொண்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது, அந்தச் சோதனைகளை வைத்து எதையும் சொல்லவே முடியாது.

பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. ஒரு ஸ்லைடின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துக் காட்டியது. தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டியின் அலசலை ஒட்டி, மூத்த மேலாளர் ஒருவர் இதைப் படித்து உயிராபத்தை உணராமல் போவது எளிது என்றது. தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடுகளை வைக்கும் நாசாவின் பழக்கத்தையும் கண்டித்தது.

அந்த ஸ்லைடில் ஒழுங்குக்குப் பஞ்சமில்லை. தலைப்பு இருந்தது, படிநிலை இருந்தது, புள்ளிகள் இருந்தன. முக்கியமானது மேலே, உதிரியானது கீழே என்று கண் எடுத்துக்கொள்ளும் ஓர் அமைப்பில், உயிர் போகும் விஷயம் அடியில் உட்கார்ந்திருந்தது. புள்ளிகளுக்கு நடுவே ‘ஆகவே’, ‘ஆனாலும்’ என்று இணைக்கும் சொற்கள் இல்லாததால் தலைப்பும் அடிவரியும் முரண்படுவது யார் கண்ணிலும் படவில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது அமேசான். 2004 ஜூன் மாதம் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் தலைமைக் குழுக் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டை நிறுத்தினார். அதற்குப் பதில் முழு வாக்கியங்களில் எழுதிய ஆறு பக்கக் குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து அதைப் படிப்பார்கள், பிறகுதான் விவாதம். முழு வாக்கியத்தில் எழுதினால் ‘ஆகவே’யை விழுங்க முடியாது என்பது இதன் பலம். பலவீனத்தையும் பெசோஸ் தன் பங்குதாரர் கடிதம் ஒன்றில் மறைக்கவில்லை: நல்ல குறிப்பை ஓரிரு நாளில் எழுதிவிடலாம் என்று நினைப்பது தவறு, ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்றார். பத்துப் பேர் கொண்ட அலுவலகத்தில் எல்லாக் கூட்டத்துக்கும் இதைக் கேட்டால் வேலை நின்றுவிடும். பெரிய முதலீடு, புதிய கிளை, ஆட்குறைப்பு போன்ற திரும்பப் பெற முடியாத முடிவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவே டொயோட்டாவின் ஏ3 முறை இருக்கிறது. 297-க்கு 420 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே ஒரு தாள். இடது பக்கம் பின்னணி, இன்றைய நிலை, இலக்கு, மூல காரணம். வலது பக்கம் தீர்வு, யார் எப்போது செய்வது, பலனை எப்படிச் சரிபார்ப்பது. பெரும்பாலும் தாளை ஒருவரே எழுதி முடித்துவிடுவதில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் கொண்டுபோய்க் காட்டிக் காட்டித் திருத்துவார்கள். தொழிற்சாலைப் பழுது, தரக் குறைபாடு போன்ற ‘ஏன் மறுபடி மறுபடி நடக்கிறது’ வகைச் சிக்கலுக்கு இது அருமையாகப் பொருந்தும். காரணமே தேடாமல் கட்டங்களை நிரப்பினால் வெறும் படிவமாகிவிடும்.

எடைபோட ஐந்து கேள்விகள்

பயிற்சியாளரோ மென்பொருள் விற்பனையாளரோ ஒரு முறையைக் கொண்டுவந்தால் இவற்றைக் கேளுங்கள்.

1. இது எந்த வாசகருக்கு? ‘எல்லோருக்கும்’ என்று பதில் வந்தால் உஷாராகுங்கள்.

2. எழுதும் நேரத்துக்கும் படிக்கும் நேரத்துக்கும் கணக்கு ஒத்துவருகிறதா? இருநூறு பேர் படிக்கும் கையேட்டுக்கு இரண்டு நாள் கூடுதலாகச் செலவிடலாம். ஒருவர் மட்டும் படிக்கும் மெயிலுக்குப் பத்து நிமிடமே அதிகம்.

3. சுமாராக எழுதுபவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? எந்த முறையும் கெட்டிக்காரர் கையில் அழகாகத்தான் இருக்கும். அவசரத்தில், அரைகுறையாக நிரப்பினாலும் முக்கியமான செய்தி வெளியே தெரிய வேண்டும். கொலம்பியா ஸ்லைடு தோற்றது இந்த இடத்தில்தான்.

4. எழுதுபவரிடம் புதிய கேள்வி கேட்கிறதா, இருப்பதை அலங்கரிக்க மட்டும் செய்கிறதா? இப்போது ஏஐ கருவியிடம் எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் ஒரு நிமிடத்தில் தலைப்பும் புள்ளியும் போட்டுத் தந்துவிடும். தையல் பிரிவில் எத்தனை பீஸ் முடிந்திருக்கிறது என்று நடந்து போய்க் கேட்டு வராது.

5. ஆறு மாதம் கழித்து வேறொருவர் இதைத் திருத்த முடியுமா? செய்த ஆள் வேலையை விட்டுப் போனதும் யாரும் தொடத் துணியாத கையேடுகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

‘இத்தனை சதவீதம் நேரம் மிச்சம்’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பல வருடம் யாரும் தொடாத ஆவணத்தை எடுத்து, கவனமாக உட்கார்ந்து திருத்தினால், எந்த முறையில் எழுதினாலும் தேறத்தான் செய்யும். அந்தப் பெருமை திருத்திய கவனத்துக்குச் சேர வேண்டும், முறைக்கா என்பது வேறு கணக்கு.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை

அலுவலகத்தில் அதிகம் திட்டு வாங்கும் ஓர் ஆவணத்தை எடுங்கள். பயணப்படி விதியோ, சரக்கு ஏற்றும் செய்முறையோ, எதுவானாலும் சரி. அதற்கு மூன்று பிரதி வேண்டும். முதலாவது, இப்போது இருப்பது. இரண்டாவது, எந்த முறையும் இல்லாமல், நீண்ட வாக்கியங்களை உடைத்து, வேண்டாததை நீக்கிச் சும்மா சுத்தம் செய்தது. மூன்றாவது, புதிய முறையில் எழுதியது.

இதை எழுதுவதில் சம்பந்தமே இல்லாத ஆட்களைப் பிடியுங்கள். ஒருவருக்கு ஒரு பிரதி மட்டும். “சென்னையில் இரண்டு இரவு தங்கினால் எவ்வளவு கிடைக்கும்? பில் தொலைந்தால் என்ன செய்வது?” என்பதுபோல் உண்மையான கேள்விகள் ஐந்து கொடுத்து, பதில் கண்டுபிடிக்க ஆகும் நேரத்தையும் பதில் சரியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். முகத்துக்காக எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவது பிரதியே மூன்றாவதுக்குச் சமமாக வந்தால் புதிய முறைக்குப் பணம் கட்ட வேண்டாம், எளிமையாக எழுதக் கற்றுக்கொடுத்தால் போதும். 2023-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 24495-1 என்ற எளிய மொழித் தரநிலையும் வடிவம் எதையும் திணிக்கவில்லை. வாசகருக்குத் தேவையானது இருக்கிறதா, அதை எளிதில் கண்டுபிடிக்க முடிகிறதா, புரிகிறதா, வைத்துக்கொண்டு செயல்பட முடிகிறதா என்ற நான்கு அளவுகோலைத்தான் வைக்கிறது. உங்கள் ஐந்து கேள்விகள் அளப்பதும் அவற்றைத்தான்.

தமிழில் எழுதும்போது

மேலே சொன்ன முறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழில் வினை கடைசியில் வருவதால் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். “விண்ணப்பம் உரிய காலத்தில் பெறப்படாத நிலையிலும், இணைப்புகள் முழுமையாக இல்லாததைக் கருத்தில் கொண்டும், விதி 7-இன்படியும் பரிசீலித்ததில் தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை” என்ற வாக்கியம் முதல் வரியிலேயே தொடங்கினாலும், விஷயம் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ‘முடிவு முதலில்’ என்ற விதியைப் பத்தி அளவில் மட்டும் பின்பற்றினால் போதாது, வாக்கிய அளவிலும் வேண்டும். “தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. காரணங்கள் இரண்டு.” உடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

செய்முறை எழுதும்போது இதே குணம் நமக்குச் சாதகம். “சிவப்பு விளக்கு எரிந்தால் வால்வை மூடவும்” என்று நிபந்தனை முன்னாலும் செயல் பின்னாலும் இயல்பாகவே விழுகிறது. தொழிலாளி கையை நீட்டுவதற்கு முன் விளக்கைப் பார்த்துவிடுவார். எச்சரிக்கையையும் அதே போலப் படிக்கு மேலே வையுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் குறிப்பு, மூடியைக் கழற்றச் சொன்ன படிக்கு அப்புறம் வந்தால் யாருக்கும் உதவாது.

செயப்பாட்டு வினையையும் கொஞ்சம் கண்காணியுங்கள். “தகவல் தெரிவிக்கப்படும்” என்றால் யார், எப்போது தெரிவிப்பார்? கூட்டக் குறிப்பில் இந்த ஒரு வாக்கியத்தைத் தடை செய்து, பெயரும் தேதியும் இல்லாத தீர்மானம் செல்லாது என்று வைத்தாலே பாதித் தீர்மானங்கள் நடந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் புறப்பட வேண்டாம். உங்கள் மேசையிலிருந்து அதிகம் வெளியே போகும் ஆவணம் எது என்று பாருங்கள். ஒப்புதல் கேட்கும் மெயில் என்றால் முடிவு முதலில். பரிந்துரை அறிக்கை என்றால் பிரமிட். அவசரத் தகவல் என்றால் நான்கு கட்டம். விதியோ கையேடோ என்றால் துண்டும் தலைப்பும். திரும்ப முடியாத பெரிய முடிவு என்றால் முழு வாக்கியங்களில் சில பக்கங்கள். ஒன்றை மட்டும் எடுத்து ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். அனுப்பிய மெயிலுக்கு “எத்தனை? எப்போது? யார்?” என்று திரும்பி வரும் கேள்விகளைத் தனியே எண்ணிக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணிக்கை குறைந்தால் முறை உங்களுக்குப் பொருந்துகிறது. குறையாவிட்டால், எவ்வளவு அழகாகக் கட்டம் கட்டியிருந்தாலும், தயங்காமல் வேறொன்றுக்கு மாறுங்கள்.